ஜப்பான் உலைக்களத்தில் என் மாமனாரின் காந்தம்

1

தென்காசியில் என் மாமனாரைப் பற்றி இப்போது மூன்று கதைகள் உலவுகின்றன. ஜப்பான்காரர்கள் எங்கோ தொலைத்துவிட்ட ராஜா காலத்துக் கத்தியை அவர் காந்தத்தால் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்பது ஒன்று. அவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டது, மாப்பிள்ளை காலில் விழுந்து மீட்டார் என்பது இரண்டாவது. மூன்றாவதை வீரகேரளம்புதூரில் இருக்கும் என் கூட்டாளி இசக்கி போன வாரம் போனில் சொன்னான்.

"ஏலே, ஒங்க மாமாவுக்கு ஜப்பான்ல சிலை வைக்கப் போறானுவளாமே, உள்ளதா?"

மூன்றும் தப்பு. குறிப்பாக நான் யார் காலிலும் விழவில்லை. குனிந்தேன். இங்கே குனிவது ஊரில் கும்பிடுவதுபோல. அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்துவிட்டேன், அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் இசக்கி நாலு பேருக்கு வாட்ஸப்பில் அனுப்புவான், நாலாவது கதை கிளம்பாது என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

நான் ஷிமானே என்ற பகுதியில் இருக்கிறேன். ஜப்பான் வரைபடத்தில் மேற்குப் பக்கம், ஜப்பான்காரர்களே விரலை வைத்துத் தேடும் இடம். விவசாய இயந்திரங்களுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. வரைபடத்தில் உள்ள அளவும் கையில் உள்ள பாகத்தின் அளவும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மனைவி பார்வதி, பத்து வயது மகள் மலர்விழி.

இந்தக் கதை நடந்தபோது, இங்கேயே நிரந்தரமாக வசிக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை ஒரு கறை கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து ஆளே இல்லாத ரோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் நின்றேன். காக்கா கடந்து போனால்கூட நானும் கடக்க மாட்டேன். குப்பையை ஒன்பது வகையாகப் பிரித்து, தயிர் டப்பாவைக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஊரிலிருந்துதான். சின்ன வயதில் எங்கள் ரேஷன் கார்டில் என் பெயரைக் கணேசன் என்பதற்குப் பதிலாக "கணேசி, பெண்" என்று போட்டுவிட்டார்கள். அதைச் சரிபண்ண எங்கப்பா மூன்று வருஷம் நடந்தார். கடைசியில் பெயரைத் திருத்திக் கொடுத்தார்கள். "கணேசன், பெண்" என்று வந்தது. ஒரு தாளில் தப்பாக ஏறிவிட்டால் இறங்குவது கஷ்டம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

2

மாமாவின் பெயர் சங்கரபாண்டியன். தென்காசியில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "காந்தம் அண்ணாச்சி" என்றால் கடை வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். ரேடியோ செட்டுக்காரர் எறிந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றை நூலில் கட்டி, முப்பது வருஷமாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். உளுந்த வடை அளவு, வடையைப் போலவே நடுவில் ஓட்டை. யாராவது பித்தளை என்று சொல்லி எதையாவது கொண்டுவந்தால் மாமா வாயைத் திறக்க மாட்டார். நூலைப் பிடித்துக் காந்தத்தை மெதுவாக இறக்குவார். 'டக்' என்று ஒட்டினால் அது இரும்பு, மேலே முலாம். கொண்டுவந்தவர் தானாகவே கிளம்பிவிடுவார். எங்கள் கல்யாண மேடையில் என் வீட்டார் வைத்த குத்துவிளக்கையும் மாமா சோதித்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை. அதற்கப்புறம்தான் நாதஸ்வரம் மறுபடி கேட்டது.

போன ஆனி மாதம் மாமா எங்களைப் பார்க்க வந்தார். அத்தை வரவில்லை. செங்கோட்டையில் மூத்த மகளுக்குப் பிரசவ நேரம். விமான நிலையத்தில் மலர் முன்னால் போய்க் குனிந்து வரவேற்றாள்.

"வணக்கம் தாத்தா. தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா?"

மாமா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "என்ன மாப்ள, புள்ள கலெக்டர் மாதிரில்லா கேக்கா?"

இது எங்கள் தப்பு. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஜப்பானியத்தில் பதில் சொல்வாள். தமிழ் கற்றுக்கொள்வது சனிக்கிழமை இணைய வகுப்பில். அந்த ஆசிரியர் எழுத்துத் தமிழ் மட்டும்தான் பேசுவார். ஆகவே மலர் எப்போதாவது தமிழில் வாயைத் திறந்தால் வானொலிச் செய்திதான்.

மாமா வந்த காரணத்தை இரண்டாம் நாளே சொல்லிவிட்டார். சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "அந்த அனுமதி வந்துட்டா ஒரேயடியா இங்கனதானா?" என்று கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன். "ஊருல எடமா இல்ல? திரும்பி வந்துருங்க மாப்ள. புள்ளையும் மனுசர் மாதிரிப் பேசிப் பழகும்லா" என்றார். நான் இன்னொரு தம்ளர் குடித்தேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. பார்வதியிடம்தான் பேசினார், நான் கேட்கும் சத்தத்தில்.

நாலாம் நாள் எங்கள் தெருவில் பெரிய சாமான்களைக் குப்பைக்கு வைக்கும் நாள். காலையில் நடக்கப் போன மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மாப்ள! ஊரக் காலி பண்ணிட்டுப் போறானுவளா?"

சைக்கிள், மின்விசிறி, இரும்பு அலமாரி எல்லாம் ஒட்டுத்தாள் ஒட்டி வரிசையாக நின்றன. எதிலும் துரு இல்லை. மாமா ஒவ்வொன்றிலும் காந்தத்தை ஒட்டிப் பார்த்திருக்கிறார். கண் கலங்கியிருந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் மூன்று ரைஸ் குக்கர்களும் ஒரு மின்விசிறியும் எங்கள் ஹாலில் இருந்தன. நான் அவற்றைத் திருப்பிக் கொண்டுபோய் அதே வரிசையில், அதே இடைவெளியில் வைத்தேன். எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் நின்று பார்த்தார். அவருக்கும் குனிந்தேன்.

3

ஊரில் சாரல் தொடங்கிவிட்டது என்று யாரோ மாமாவுக்குப் படம் அனுப்பிவிட்டார்கள். குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறது. மாமா அந்தப் படத்தை நாள் முழுக்கப் பார்த்தார். "சீசன் நேரத்துல இங்கன வந்து கெடக்கேனே" என்றார். பார்வதியால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மலையில் இருக்கும் அருவிக்குப் போகலாம் என்றாள்.

அருவி என்ற சொல் எங்கள் ஊர்க்காரருக்கு என்ன அர்த்தம் தரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஞாயிறு காலை மாமா அறையிலிருந்து வெளியே வந்தபோது தலை முதல் கால் வரை நல்லெண்ணெய். ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் பாதி காலி. மேலே சட்டை, தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா. காரின் சீட்டில் குப்பைப் பையை வெட்டி விரித்து உட்கார வைத்தேன்.

ஒன்றரை மணி நேரம் மலைப்பாதை. அருவி அழகாகத்தான் இருந்தது. மூங்கில் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆறேழு பேர் குடை பிடித்து, பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது என்று பலகை.

மாமா சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். மலர் பலகையைப் படித்துச் சொன்னாள்.

"தாத்தா, இங்கு நீராட அனுமதி இல்லை."

"பெறவு?"

"பார்க்கலாம்."

"பாக்கதுக்கு அது என்ன டிவியா? தலையக் குடுக்கதுக்குத்தானட்டி அருவி!"

குற்றாலத்தில் நாம் என்றைக்காவது அருவியைப் பார்த்திருக்கிறோமா? யோசித்தால் எனக்கு ஞாபகம் வருவது முன்னால் நிற்பவரின் எண்ணெய் முதுகும், போலீஸ்காரர் விசிலும், மண்டையில் யாரோ சாக்கு மூட்டையை இறக்கியதுபோல விழும் தண்ணீரும்தான். கண்ணைத் திறந்தால்தானே பார்க்க முடியும். ஜப்பான்காரர்கள் அருவியைப் பார்த்திருக்கிறார்கள், நாம் அருவிக்குள் இருந்திருக்கிறோம். இதை மாமாவிடம் ஆறுதலாகச் சொன்னேன். "எண்ணெயத் தேச்சுட்டுத் தத்துவம் கேக்கவா வந்தேன்?" என்றார்.

குளிக்காத எண்ணெயோடு அவரைத் திரும்ப வண்டியில் ஏற்றினோம். பாதி வழியில் ஒரு திருப்பத்தில், பழைய இரும்பு உலைக்களம், புதுப்பிக்கப்பட்டது, பார்வையிடலாம் என்று பலகை தெரிந்தது. பார்வதிதான் முதலில் பார்த்தாள்.

"அப்பா, இரும்பு செஞ்ச எடமாம்."

பின்சீட்டில் குப்பைப் பை சரசரவென்றது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

4

ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஓர் உயரமான கொட்டகை, கல்யாண மண்டபம் உயரம். மரச் சில்லுகளால் வேய்ந்த கூரை. இடிந்து சரியப் பார்த்ததை, ஒவ்வொரு கட்டையாகப் பிரித்து, உளுத்ததை மட்டும் மாற்றி மறுபடி கட்டியிருக்கிறார்கள். புதுக் கட்டை வெளுப்பு, பழையது கறுப்பு. ஒக்கடா என்ற பெரியவர் எங்களுக்குச் சுற்றிக் காட்டினார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், பதினொரு வருஷமாகச் சம்பளம் வாங்காமல் இந்த வேலை செய்கிறார். மாமாவின் மேல் மின்னிய எண்ணெயைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

வாசலிலேயே ஒரு சிக்கல். உலைக்குக் காவல் தெய்வம் ஒரு பெண்ணாம். அவளுக்கு வேறு பெண்கள் உள்ளே வந்தால் பிடிக்காதாம். அந்தக் காலத்தில் உலைக்களத்துக்குள் பெண்களை விடமாட்டார்களாம். மலர் இதைத் தாத்தாவுக்கு மொழிபெயர்த்ததும் பார்வதி காலைப் பின்னால் எடுத்தாள்.

"அப்பம் நான் வெளியில நிக்கணுமா?"

ஒக்கடா சிரித்தார். தீ அணைந்து நூறு வருஷம் ஆகிவிட்டது, இப்போது வரலாம் என்றார். பார்வதி நம்பவில்லை. "நூறு வருசத்துல கோவம் ஆறிருக்கும்ங்குதாரா?" என்று கேட்டுவிட்டு, வலது காலை வைத்து, "ஆத்தா, நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நுழைந்தாள்.

நடுவில் களிமண் உலை. இடுப்பளவு உயரத்தில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி மாதிரி நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் காலால் மிதிக்கும் துருத்தி. ஆற்றில் அரித்தெடுத்த இரும்பு மணலையும் கரியையும் மாற்றி மாற்றிப் போட்டு, மூன்று நாள் விடாமல் எரிப்பார்களாம். பிறகு உலையை உடைத்து, அடியில் திரண்டிருக்கும் இரும்புக் கட்டியை இழுத்து வெளியே எடுப்பார்களாம். மலர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். "பின்னர் உலையைத் தகர்ப்பர், தாத்தா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆம்."

"மூணு நாளு எரிச்சு, அடுப்பையும் ஒடைச்சு, மறுபடி புது அடுப்பு கெட்டுவானா? வெளங்கினாப்லதான்" என்றார் மாமா. ஆனால் உலையை மூன்று தரம் சுற்றி வந்தார். இந்தப் பயணத்தில் அவர் ஒன்றை இரண்டாம் தரம் பார்த்தது இதுதான் முதல் முறை.

கொட்டகையின் மூலையில் முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதற்கு அப்பால் மரக்கட்டைகளின் மேல் அந்த இரும்புக் கட்டியை வைத்திருந்தார்கள். படுத்துக் கிடக்கும் எருமை அளவு. மேலெல்லாம் கருகிய அதிரசம் மாதிரி ஓட்டையும் மேடும். இது கடைசியாக எரித்த உலையிலிருந்து எடுத்தது, தொடக் கூடாது என்றார் ஒக்கடா.

மாமா அதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கல்யாண மேடையில் குத்துவிளக்கைப் பார்த்த பார்வை.

"மாப்ள, இது டூப்பு."

"மாமா, மெதுவா."

"நெசத்தக் கொண்டாந்து வாசல்ல போடுவானா? நம்ம கோயில்லயே மூலவரு உள்ள, உற்சவருதான் வெளிய. இது சிமெண்டுல செஞ்ச உற்சவரு." பிறகு மலரிடம் திரும்பினார். "ஏட்டி, அந்தப் பெரியவர்ட்ட கேளு."

"அவ்வாறு வினவுவது மரியாதை அன்று, தாத்தா" என்றாள் மலர்.

மாமா சரி என்று தலையாட்டினார். அவர் இவ்வளவு சுலபமாகச் சரி என்றதே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஒக்கடா பார்வதிக்குத் தூணில் புதுக் கட்டையும் பழைய கட்டையும் சேரும் இடத்தைக் காட்டப் போனார். நானும் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பினேன்.

'டக்.'

அந்தச் சத்தத்தை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். திரும்பிப் பார்த்தால், மாமா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, தூண்டில் போட்டவர் மாதிரி நூலைப் பிடித்திருந்தார். காந்தம் அந்தப் பக்கம் கட்டியின் நெற்றியில். மாமா முகமெல்லாம் சிரிப்பு.

"இரும்புதான் மாப்ள! அசல்!"

என்று சொல்லி நூலைச் சுண்டி இழுத்தார். காந்தம் வரவில்லை. கையெல்லாம் நல்லெண்ணெய். நூல் விரல்களிலிருந்து நழுவி, கயிற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது.

5

மாமா கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மேலே தூணில் ஒரு கேமரா சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. என் விண்ணப்பம் ஏதோ ஒரு ஆபீசின் மேஜையில் இருப்பதும், யாரோ அதன் மேல் சிவப்பு மையில் எழுதுவதும் அப்படியே தெரிந்தது.

மறைக்கக் கூடாது, உடனே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒக்கடாவிடம் போய், இடுப்பை மடக்கிக் குனிந்து, என் முழு ஜப்பானியத்தையும் திரட்டிச் சொன்னேன். ஜிஷாக்கு என்றால் காந்தம். ஜிஷோக்கு என்றால் ராஜினாமா. பதற்றத்தில் எனக்கு இரண்டாவதுதான் வந்தது.

"மிகவும் மன்னிக்கணும். என் மாமனாரின் ராஜினாமா அந்த இரும்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது."

ஒக்கடா மாமாவைப் பார்த்தார். எண்ணெய் வழிய, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்ற மனிதர்.

"எத்தனை வருஷம்?" என்று மெல்லக் கேட்டார்.

காந்தத்தின் வயதைக் கேட்கிறார் என்று நினைத்து, "முப்பது" என்றேன்.

"முப்பது வருஷம்! மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும்" என்று சொல்லி மாமாவைப் பார்த்துக் குனிந்தார். மாமாவும் ஒரு மரியாதைக்குக் குனிந்தார். மலர் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளே எழுந்து சரியான சொல்லைச் சொல்லி, நூல் கிடந்த இடத்தையும் காட்டினாள்.

ஒக்கடாவின் முகம் வெளுத்தது. கயிற்றைத் தாண்ட அவருக்கும் அனுமதி இல்லையாம். பதினொரு வருஷத்தில் ஒரு தரம்கூடத் தாண்டியதில்லையாம். ஊராட்சி ஆபீசிலிருந்து அதற்குரிய அலுவலர் வந்தால்தான் தொடலாம். போன் செய்தார். நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். மாமா அதைக் குடித்துப் பார்த்து, "பச்சத் தண்ணியில எலையப் போட்டுத் தாரான்" என்று பார்வதியிடம் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் ஒக்கடா என்னிடம் கேட்டார். "காந்தத்தை ஏன் அங்கே வைத்தார்?"

ஒரு கணம்தான் இருந்தது. என் மாமனார் உங்கள் பொக்கிஷத்தைச் சிமெண்ட் என்று நினைத்தார் என்று எப்படிச் சொல்வது? நான் சொன்னேன்: "எங்கள் ஊரில் இரும்புத் தொழில் செய்பவர்கள், இரும்பைக் காக்கும் தெய்வத்துக்குக் காந்தம் காணிக்கையாக வைப்பது வழக்கம்."

பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒரு பிழையும் இல்லாமல் பேசிய ஒரே ஜப்பானிய வாக்கியம் அதுதான். ஒக்கடாவின் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் இரும்புக் கட்டியைப் பார்த்துக் கைகூப்பினார்.

6

அலுவலர் மோரி என்ற இளம் பெண். ஒரு பெரிய பையோடு வந்தார். வெள்ளைக் கையுறை, அளவுநாடா, கேமரா, தாள்கள். ஒக்கடா அவரிடம் காணிக்கை விஷயத்தைச் சொன்னார். மோரி எழுதிக்கொண்டார், பிறகு வெளியே போய்த் தன் மேலதிகாரியிடம் போனில் பேசினார். நீண்ட நேரம் பேசினார். திரும்பி வந்து, தவறுதலாக விழுந்த பொருள் என்றால் எடுத்துக் கொடுத்துவிடலாம், காணிக்கை என்றால் அப்படி எடுக்க முடியாது என்றார். அது வழிபாட்டுப் பொருள். அங்கேயே பாதுகாப்பாக இருக்கும், பக்கத்தில் ஒரு விளக்க அட்டை வைக்கப்படும். கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டு கையாலும் ஒரு தாளை மாமாவிடம் நீட்டினார்.

"என்னவாம்?" என்றார் மாமா.

நான் முந்திக்கொள்வதற்குள் மலர் சொல்லிவிட்டாள். "தங்கள் காந்தத்தைத் தெய்வத்திற்குக் காணிக்கையாக ஏற்றுக்கொண்டார்கள், தாத்தா."

"காணிக்கையா? யாரு குடுத்தா?"

"அப்பா கொடுத்தார்."

மாமா எழுந்தார். கோபத்தில் அவருக்குச் சத்தம் வராது, அதுதான் பயம்.

"மாப்ள. எம்பொண்ணக் கொண்டுவந்துட்டிய. பேத்தியக் கொண்டுவந்துட்டிய. ஏதும் கேட்டனா? இப்பம் காந்தத்தையுமா இங்கனயே விட்டுட்டுப் போகச் சொல்லுதிய?"

பார்வதி தலையைக் குனிந்துகொண்டாள். விண்ணப்பம், கறை, கேமரா என்று ஏதோ முணுமுணுத்தேன்.

"நான் என்ன களவாண்டேனா? நெசமா டூப்பான்னு பாத்தேன். கடைக்கு வார எதையும் அப்படித்தான் பாக்கேன். அதச் சொல்லதுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு மலரின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தாயி. உள்ளத உள்ளபடி சொல்லு."

மலர் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மோரியின் முன் நேராக நின்று, பள்ளிக்கூடத்தில் கட்டுரை வாசிப்பதுபோல நல்ல ஜப்பானியத்தில் சொன்னாள். என் தாத்தா பழைய இரும்பு வியாபாரி. இது போலி என்று நினைத்தார். சோதித்துப் பார்த்தார். போலி அல்ல. கையில் எண்ணெய் இருந்ததால் நூல் நழுவியது. அருவியில் குளிக்க முடியாததால் எண்ணெய் இருந்தது. காணிக்கை என்று என் அப்பா சொன்னது பொய்.

நான் குனிந்தேன். தென்காசியில் பரவியிருக்கும் 'காலில் விழுந்தார்' கதை இந்த இடத்திலிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். தரையில் என் நிழலைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தேன். ஒக்கடாவின் குரல்தான் கேட்டது. அவர் மலரிடம் கேட்டார்.

"நன்றாக ஒட்டியதா?"

"சத்தம் கேட்கும் அளவுக்கு" என்றாள் மலர்.

ஒக்கடா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பதினொரு வருஷமாக இது அசல் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். தொட்டுப் பார்த்ததில்லை. ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தேகம் வரும். யாரிடம் கேட்பது?" என்றார்.

எல்லோரும் மோரியைப் பார்த்தோம். அவர் பையிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்துப் பக்கம் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார். காது சிவந்திருந்தது. அதில் 'இரும்பு (எனக் கருதப்படுகிறது)' என்று எழுதியிருந்தது.

பிறகு அவர் கையுறையை மாட்டிக்கொண்டு, கயிற்றைத் தாண்டி, காந்தத்தைப் பிடித்தார். பொக்கிஷத்தின் மேல் பலம் காட்டக் கூடாது என்று விதி. மெல்ல இழுத்தார். வரவில்லை.

"இழுக்காத தாயி, சரிச்சு எடு!" என்றார் மாமா. மோரி மலரின் மொழிபெயர்ப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை, மாமாவின் கையசைவே போதுமாக இருந்தது. சரித்தார், வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு, இன்னொரு இடத்திலும் ஒட்டுமா என்று பார்க்கலாமா என்று மாமாவிடம் கேட்டார்.

அப்புறம் கொஞ்ச நேரம் அந்தக் கொட்டகையில் 'டக், டக்' என்ற சத்தம்தான். வால் பக்கம், வயிற்றுப் பக்கம், ஓட்டைக்குள் என்று மாமா விரலால் காட்டக் காட்ட மோரி வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு டக்குக்கும் ஒக்கடா கை தட்டினார். மோரி நாலு இடத்தையும் படம் எடுத்து, அளந்து, எழுதிக்கொண்டார். மேலதிகாரியின் ஒப்புதல் கிடைத்ததும் பதிவேட்டில் அடைப்புக்குறி நீக்கப்படும் என்று சொன்னார். சம்பவ அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, 'பார்வையாளரின் ஆர்வம்' என்று எழுதினார். காந்தத்திலிருந்த எண்ணெயைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

என் அனுமதி நாலு மாதம் கழித்து வந்தது. காந்தத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமாவிடம் போனில் சொன்னபோது "சரி. லீவு விட்டதும் புள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்றார். இது எந்தக் கதையிலும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

7

உலைக்களத்திலிருந்து திரும்பும்போது நான் வண்டி ஓட்டினேன், பக்கத்தில் பார்வதி. பின்னால் மாமா குப்பைப் பையின் மேல் தலை சாய்ந்து கண் மூடியிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் மலர் கேட்டாள், தமிழிலேயே.

"அப்பா, நீங்கள் ஏன் பொய் கூறினீர்கள்?"

"பயந்துட்டேன்ம்மா."

"யாரைக் கண்டு? அந்த அக்காவைக் கண்டா?"

"ம்."

"அவர் எழுதும்போது இரண்டு முறை தவறாக எழுதி அடித்தார். இந்த வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று என்னிடம் கூறினார். நாம் புகார் செய்வோமோ என்று அவர் பயந்தார்."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. நான் பார்த்தது கையுறையையும் தாளையும் மட்டும்தான். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைப் போட்டேன். மழை இல்லை.

"ஒங்கப்பன் அப்பமே அப்படித்தாம்ட்டி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாமா தூங்கவில்லை. கண்ணைத் திறக்காமலே பேசினார். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒங்கம்மா பதட்டத்துல காப்பில சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுட்டா. ஒங்க ஆச்சி அடுக்களையில டப்பாவப் பாத்துட்டு ஓடியாந்து எங்காதுல சொல்லுதா. நான் திரும்பிப் பாத்தா, இவரு 'காப்பி ரொம்ப நல்லாருக்கு'ன்னு சொல்லி ரெண்டாந்தம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்காரு. மூஞ்சி ஒரு சுளிப்பு சுளிக்கணுமே! பொண்ணு மனசு நோவக் கூடாதுன்னு நெனைக்க ஆளு, குடுக்கலாம்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். குத்துவெளக்கு எல்லாம் பெறவுதான்."

பார்வதி சீட்பெல்ட்டோடு முழுசாக என் பக்கம் திரும்பியிருந்தாள்.

"உப்பா? நானா? பதினாலு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"ரோட்டப் பாக்கட்டுமா?" என்றேன்.

"தெரிஞ்சு குடிச்சியளா, தெரியாமக் குடிச்சியளா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். அடுத்த வளைவில் சுரங்கப்பாதை வேறு வந்துகொண்டிருந்தது, சத்தத்தில் கேட்கவில்லை என்றும் சொல்லலாம். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். மலர் இரண்டு சீட்டுக்கும் நடுவில் முகத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"உண்மையைக் கூறுங்கள், அப்பா."

"உப்புத்தான்" என்றேன். "ரெண்டாந்தம்ளர்ல இன்னும் அதிகம்."